என் பேரில் எழுதிய நடுக்கம்

1. ஐந்தாவது தட்டு

மதுரை விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில், எக்ஸ்ரே இயந்திரத்திலிருந்து வெளியே வரும் தட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றேன். எங்களுக்கு மொத்தம் ஐந்து தட்டு. முதலாளியின் பெல்ட்டும் செல்போனும் ஒன்றில். அவருடைய கைப்பை ஒன்றில். என் செல்போன், சாவிக்கொத்து, கண்ணாடிக்கூடு ஒன்றில். என் துணிப்பை ஒன்றில். மருந்துப் பை தனியாக ஒன்றில். நான்கு வந்துவிட்டன. ஐந்தாவது வரவில்லை.

ஓடிக்கொண்டிருந்த பட்டை நின்றது. பின்னால் போனது. மறுபடி முன்னால் வந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு எதையோ விரலால் காட்டினார். வந்திருந்த நான்கு தட்டுகளையும் நான் மறுபடி எண்ணினேன்.

"இந்தப் பேக் ஆரோடது?"

காக்கி உடுப்பில் ஓர் அம்மா. நாற்பதைத் தாண்டியவர். பேச்சில் கேரளத்துக் கட்டப்பனைப் பக்கத்து வாடை. நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல முழுக்கையையும் தூக்கிவிட்டேன்.

அவர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஜிப்பைத் திறந்து, பையின் அடியில் கையை விட்டு ஒரு கத்தரிக்கோலை எடுத்தார். கறுப்புப் பிடி, அதில் ஒரு பக்கம் நூல் சுற்றியிருக்கும். பாதி வெளியே வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்தெட்டு வருடம் என் சட்டைப் பையில் கிடந்த கத்தரிக்கோல் அது.

மருந்துக் கடைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்தோடு விமானம் ஏறுவது எப்படி என்று பார்மசிப் படிப்பில் பாடம் கிடையாது. ஆனால் கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி அது. நம் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர், தைராய்டு என்று ஒரு பை மாத்திரை. அவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லும் முன் எனக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டால் நல்லது.

2. சீட்டில் என் பேர் ஏறிய விதம்

என் பெயர் சௌந்தரபாண்டி. தேனி அல்லிநகரத்தில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைக்காரர் தனுஷ்கோடி முதலாளி என்னைவிட ஆறு வயது மூத்தவர். கல்லாவில் அவர் உட்கார்ந்திருக்கும் வரைதான் அது கடை, அவர் எழுந்தால் அது நான்கு அலமாரிகள் உள்ள அறை. அதை அவரே சொல்வார்.

நாலு வருடத்துக்கு முன்னால் அவருடைய வலது கைப் பெருவிரல், ஆள்காட்டி விரலோடு சேர்ந்து தானாக உருள ஆரம்பித்தது. சும்மா வைத்திருக்கும்போது மாத்திரை உருட்டுவதுபோலவே இருக்கும். மருத்துவப் புத்தகத்திலும் அதற்கு அதுதான் பெயர். மருந்துக் கடைக்காரருக்குப் பொருத்தமாக வந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை, நினைத்தேன்.

மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். காத்திருக்கும் கூடத்தில் முப்பத்தொரு பேர். அதில் நான்கு முகங்கள் தேனிப் பக்கத்தவை. டோக்கன் கொடுக்கும் பெண் நிமிர்ந்து பெயர் கேட்டதும் முதலாளி கண்ணைக்கூடச் சிமிட்டாமல் "சௌந்தரபாண்டி" என்றார். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நான் "என்னங்க முதலாளி?" என்றேன். வயதும் என்னுடையதைத்தான் கொடுத்தார். ஆறு வருடம் லாபம்.

வெளியே வந்ததும் கேட்டேன்.

"என்ன முதலாளி, எம் பேரைக் குடுத்துட்டீக?"

"ஒம் பேரு என்னலே தேஞ்சா போயிரும்? கல்லாவுல இருக்கிறவன் கை ஆடுதுன்னு தெரிஞ்சா நாளைக்கே எம் மகன் வந்து அந்த நாற்காலியில ஒக்காந்துருவான். ஒனக்குக் கை ஆடுனா யாருக்கு என்ன?"

"மருந்து எடுத்துக் குடுக்கிறவன் கை ஆடலாமா?"

"அதேன் நீ ஒவ்வொன்னையும் மூணு தடவ எண்ணுறியே."

அன்றிலிருந்து மாதாமாதம் மருந்துச் சீட்டு என் பேரில், பில் என் பேரில், மாத்திரை அவர் வாயில். ஸ்டாக் ரூமுக்குள் போய் விழுங்கிவிட்டு வருவார். கடையில் இருந்த மற்றவர்களுக்கு விஷயம் வேறு மாதிரி போனது. சௌந்தரம் அண்ணனுக்குக் கை நடுக்கமாம், பாவம் வெளியில் காட்டிக்கொள்வதில்லை என்று பேசிக்கொண்டார்கள். காட்டிக்கொள்ளாமலே இருந்தால் சந்தேகம் வரும் அல்லவா? முதலாளி ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏப்பா, டீ குடிக்கும்போது அப்பப்பக் கொஞ்சம் ஆட்டிக் காட்டு."

ஆட்டிக் காட்டினேன். எனக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியும், நடிப்பு மட்டும் அளவுக்கு வராது. நான்கு வருடத்தில் மூன்று கண்ணாடி டம்ளர் உடைந்தது.

அந்த மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நடுக்குவாதத்துக்குக் கொடுக்கிற லெவோடோபா வகை. அதை நேரம் தவறிக் கொடுத்தால் நடுக்கம் கூடுவது சின்ன விஷயம். ஆளே உறைந்துபோவார். கால் பெயராது, கை எழாது, குரல் நூல் மாதிரி ஆகிவிடும். இன்னொன்றும் உண்டு. இந்த வியாதி வந்தவர்களுக்கு முகத்தில் சிரிப்பு சுலபத்தில் வராது. அது கண்ணுக்குள் குடிபோய்விடும். முதலாளி என்னைக் கேலி செய்கிறாரா என்று தெரிய வேண்டுமானால் கண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

3. நூறு மாத்திரை

முதலாளியின் மகள் சிங்கப்பூரில் வீடு வாங்கிப் பால் காய்ச்ச நாள் குறித்தார். அப்பா தனியாக வரமாட்டார் என்பதால் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தார். "சௌந்தரம் அண்ணனுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்ப்பா, அவுகளுக்குத்தான் உடம்பு சரியில்லையே" என்று போனில் சொன்னாராம். முதலாளி அதை எனக்கு அப்படியே சொன்னார். கண்ணைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தது.

பதினைந்து நாள் பயணம். நாளுக்கு நான்கு, ஆக அறுபது. விமானம் ரத்தானால், திரும்புவது தள்ளிப்போனால் என்று ஒரு வாரத்துக்கு இருபத்தெட்டு. கீழே விழுந்து உருண்டால் என்று பன்னிரண்டு. மொத்தம் நூறு. "அங்கன போயிக் கடை போடவா போறோம்?" என்றார் முதலாளி.

சரியாகச் செய்தவை பல. மருந்தைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்தேன். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் மருந்தும் போய்விடும். மருத்துவரின் சீட்டு, ஆங்கிலத்தில் ஒரு கடிதம், கடை பில், எல்லாவற்றிலும் இரண்டு நகல். எல்லாவற்றிலும் அழகாக என் பேர்.

தப்பு எங்கே நடந்தது என்றால், தொழில் பழக்கத்தில். நம் பக்கத்தில் யார் முழு ஸ்ட்ரிப் வாங்குகிறார்கள்? நாலு குடுங்க, ஆறு குடுங்க என்பார்கள். வெட்டிக் கொடுத்தே நமக்குக் கை பழகிவிட்டது. முதலாளியின் விரலுக்கு ஸ்ட்ரிப்பை அழுத்தி மாத்திரையைப் பிதுக்க வராது. அதனால் ஒவ்வொரு மாத்திரையையும் தனியாக வெட்டி, ஓரத்தைக் கொஞ்சம் கிழித்து, வேளைக்கு ஒரு காகிதக் கவரில் போட்டு, மேலே 6, 11, 4, 9 என்று எழுதினேன். மருந்தின் பெயரும் பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் இருந்த முனைகள் குப்பைக்கூடைக்குப் போயின. கடைசி ஸ்ட்ரிப்பை வெட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் கார் வந்து ஹாரன் அடித்தது. கத்தரிக்கோல் கவர்களோடு பைக்குள் போய்விட்டது.

விமான நிலையத்துக்குள் நுழையும் முன் சட்டைப் பையை மூன்று தடவை தடவிப் பார்த்தேன். கத்தரிக்கோல் இல்லை. நல்லவேளை, வீட்டிலேயே வைத்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன்.

உள்ளே நுழைந்ததும் முதல் ஆளாக எங்களைப் பார்த்துக் கையாட்டியவர் உரக்கடை பரமசிவம். சின்னமனூர்க்காரர். மகனைப் பார்க்க அவரும் அதே விமானத்தில் வருகிறார். நல்ல மனிதர், இளகிய மனசு. ஆனால் அவரிடம் ஒரு செய்தியைச் சொன்னால் அடுத்த உர லோடு இறங்குவதற்குள் போடி முதல் கூடலூர் வரை எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

முதலாளி என் காதருகே குனிந்தார்.

"இவனுக்குத் தெரிஞ்சா, பிளேன் எறங்குறதுக்குள்ள எம் மகன் கல்லாவுல இருப்பான். சீட்டு ஒம் பேருல. பாஸ்போட்டு ஒம் பேருல. நீதேன் நோயாளி. ஞாபகம் வச்சுக்க."

4. கட்டப்பனைக்கார அம்மா

இப்போது மறுபடி அந்தத் தட்டுக்கு வருகிறேன்.

அந்த அம்மா கத்தரிக்கோலை ஓரமாக வைத்துவிட்டு, இதை எதற்குக் கொண்டுவந்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நான் அவர் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். பாஸ்போர்ட்டை எடுத்தேன். சீட்டை எடுத்தேன். கடிதத்தின் இரண்டு நகலையும் விரித்தேன். நாங்கள் மருந்துக் கடைக்காரர்கள், வெட்டித்தான் கொடுப்போம், வெட்டுவது சட்டவிரோதம் இல்லை என்று எங்கிருந்தோ ஆரம்பித்தேன். அந்தப் பதற்றத்தில் கை நடுங்கியது. நான்கு வருடமாக நான் வரவழைக்கப் பாடுபட்ட நடுக்கம், வேண்டாத நேரத்தில் அசலாக வந்தது. கவர்கள் கைநழுவித் தரையில் விழுந்தன. ஒன்பது விழுந்தன, ஒன்பதையும் அந்த அம்மா பொறுக்கிக் கொடுத்தார்.

"இது ஆருக்குள்ள மருந்து சாரே?"

"எனக்குத்தான்மா."

முதலாளி அந்தப் பக்கம் பெல்ட்டை மாட்டிக்கொண்டு பரமசிவத்தின் பக்கத்தில் நின்றார். காலை ஆறு மணி மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது. கை கல்லில் அடித்ததுபோல அசையாமல் இருந்தது.

"நல்லாப் பாத்துக்கங்கம்மா. எங்க மருந்துக்காரருக்கு ரொம்ப முடியல" என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. கண்ணில் திருவிழா நடந்தது.

அந்த அம்மா சீட்டைப் படித்தார். மருந்தின் பெயரில் அவர் விரல் நின்றது. குரல் இறங்கிவிட்டது. அவருடைய அச்சனுக்கும், அதாவது அப்பாவுக்கும், இதே மருந்துதானாம். எட்டு வருடமாகச் சாப்பிடுகிறாராம். நேரம் தப்பினால் வாசற்படியில் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிடுவாராம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கவரில் நான் எழுதியிருந்த 11-ஐப் பார்த்தார்.

"பதினொண்ணு ஆகாறாயி. இப்பவே சாப்பிட்டுக்கோ. பயப்பட வேண்டாம், நான் வெள்ளம் கொண்டு வராம்."

காகிதக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து, கவரைப் பிரித்து, மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்து, நான் விழுங்குவதைப் பார்க்க நின்றார். பரமசிவமும் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி கூரையைப் பார்த்தார்.

விழுங்கினேன். முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனை லட்சம் மாத்திரை எடுத்துக் கொடுத்தேனோ, எனக்குத் தேவையில்லாமல் நான் விழுங்கியது அது ஒன்றுதான். நூறில் ஒன்று போயிற்று.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த அம்மா கையைத் தட்டிச் சக்கர நாற்காலி தள்ளுபவரைக் கூப்பிட்டார். வேண்டாம்மா, நடந்துவிடுவேன் என்றேன். அச்சனும் இதையேதான் சொல்வார் என்று தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். கத்தரிக்கோல் அவர்களுடைய பெட்டிக்குள் போனது. மருந்துப் பை என் மடிக்கு வந்தது. நாற்காலி நகர்ந்தபோது பின்னால் முதலாளி பரமசிவத்திடம் "பாவம், நல்ல வேலைக்காரன்" என்று சொல்வது கேட்டது.

5. லிஃப்டுக்குக் கீழே

நாற்காலி தள்ளியவர் அவனியாபுரத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவராக இருக்கலாம். நாற்காலியில் வருகிறவர்களை முதலில் ஏற்றுவார்கள் என்று சொல்லிக்கொண்டே லிஃப்டில் இறக்கி, கீழ்த் தளத்தில் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருந்து கீழே இருக்கிறது. நோயாளி மேலே இருக்கிறார். பதினோரு மணி தாண்டிவிட்டது.

"தம்பி, என் கூட வந்தவக மேல இருக்காக. நான் போயிப் பாத்துட்டு வந்துர்றேன்."

"அவுகளுக்கென்னய்யா, நல்லாத்தான இருக்காக. தூணு மாதிரி நின்னாகளே."

தூண் என்றதும் எனக்குப் பகீர் என்றது. அவரைக் கீழே கூட்டிவரச் சொன்னேன். அறிவிப்பு வந்ததும் எல்லோரும் வருவார்கள் என்றார். பாத்ரூம் போக வேண்டும் என்றேன். நாற்காலியோடு போகலாம் என்று திருப்பினார். உண்மையைச் சொல்லலாம் என்றால், எந்த உண்மையை எந்த வரிசையில் சொல்வது? என் சீட்டு, அவர் மருந்து, என் நாற்காலி, அவர் வியாதி.

எழுந்தேன். நடந்தேன். நடை ஓட்டமாகிவிட்டது. லிஃப்ட் மேலே போயிருந்ததால் படிக்கட்டில் ஏறினேன். எந்த மாடிக்குப் போனாலும் படிகளை எண்ணுகிறவன் நான். அன்று எண்ணவில்லை.

"ஐயா ஓடாதீக. ஒடம்பு முடியாதவக ஓடக் கூடாது" என்று அவனியாபுரத்துக்காரர் கீழிருந்து கத்தினார். நான் மேலே போய்ச் சேர்ந்தபோது லிஃப்டின் கதவு திறந்து, காலி நாற்காலியோடு அவரும் வந்து சேர்ந்தார். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நோயாளி முன்னால் ஓட, நாற்காலி பின்னால் துரத்திக்கொண்டு வந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்?

முதலாளி மூன்றாவது வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பரமசிவம், யூரியா தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்னா பொறுமை உங்க முதலாளிக்கு. அரை மணியாப் பேசுறேன், குறுக்க ஒத்த வார்த்த பேசலயே. இப்படிக் கேக்குற ஆள நான் பாத்ததேயில்ல."

முதலாளி இமைக்கவில்லை. வலது கை முழங்கால்மேல் கிடந்தது. பெருவிரல் மட்டும் உருண்டுகொண்டிருந்தது. அவர் கண் என்னிடம் வந்து, மருந்துப் பைக்குப் போய், பரமசிவத்திடம் போய் நின்றது. அந்தக் கண்ணில் இப்போது சிரிப்பு இல்லை.

விமானத்துக்கு வரச்சொல்லி அறிவிப்பு வந்தது. கூடத்தில் இருந்தவர்கள் எழுந்து வரிசையாக நிற்க ஆரம்பித்தார்கள். எழுந்து நிற்க முடியாத மனிதரை, என்ன ஏது என்று தெரியாமல் யாரும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். மாத்திரை போட்டு அது பிடிக்க அரைமணியாவது ஆகும். பரமசிவத்துக்குத் தெரியாமல் கொடுக்கலாம் என்று பார்த்தால், அவர் இடத்தைவிட்டு அசைவதாக இல்லை. இதற்குள் நாற்காலியைவிட்டு நோயாளி ஓடிவிட்டதாக யாரோ சொல்லி, அந்தக் கட்டப்பனைக்கார அம்மாவும் வந்துவிட்டார்.

நான் முதலாளியின் காதில், துண்டால் மறைத்துப் பிடித்துக்கொள்கிறேன், வாயை மட்டும் திறங்கள் என்றேன்.

"மறைக்க வேணாம்" என்றார். குரல் அவ்வளவு மெலிசாக இருந்தது. "குடுறா."

மாத்திரையை நாக்கில் வைத்து, தண்ணீர் பாட்டிலை உதட்டில் பொருத்தினேன். பாதித் தண்ணீர் சட்டையில் வழிந்தது.

"என்ன சௌந்தரம், உங்க மாத்திரைய அவுகளுக்குப் போடுறீக?" என்றார் பரமசிவம்.

முதலாளி விழுங்கி முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"வியாதி எனக்குத்தேன் பரமசிவம். நாலு வருசமா. சீட்டுல மட்டுந்தேன் இவன் பேரு."

கூட்டத்தில் யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. எனக்குத்தான் காது அடைத்தது. அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, பெயரை மாற்றிச் சொன்னது தப்புதான், மருந்தைப் பறித்துவிடாதீர்கள், கடிதம் உண்மை, மருத்துவர் உண்மை, மாத்திரை உண்மை, பேர் ஒன்றுதான் பொய் என்று புலம்பினேன். அவர் கை காட்டி நிறுத்தினார்.

"சாரே, மாத்திரை ஆர் சாப்பிட்டாலும் எனக்கொண்ணும் இல்ல. எனக்கு வேண்டியது கத்திரிக்கோல். அத நான் எடுத்தாச்சு."

பிறகு முதலாளியின் முன்னால் குனிந்து, உருண்டுகொண்டிருந்த அந்த விரலைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு. பிளேன்ல நீங்க விழுந்துபோனா, டாக்டர் வந்து சீட்டைப் பாத்து ஆருக்கு ஊசி போடும்? இவருக்குப் போடும். பேர மாத்திக்கோ."

எல்லாம் தெரிந்த நானே நான்கு வருடத்தில் சொல்லாத வார்த்தை அது. முதலாளி அந்த அம்மாவிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னார். இளவயதில் ஏலத்தோட்டத்துக் கணக்கில் பழகிய மலையாளம். அந்த அம்மா சிரித்தார். என்ன சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. என்னைப் பற்றித்தான் இருக்கும்.

காலி நாற்காலி நின்றுகொண்டிருந்தது. அதில் நான்கு வருடமாக உட்கார வேண்டியவர் உட்கார்ந்தார்.

6. பரமசிவம் புரிந்துகொண்டது

நாற்காலிக்குப் பின்னால் நடந்து போகும்போது பரமசிவம் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது.

"என்ன மனுசன்யா உங்க முதலாளி. உங்க வியாதியத் தன் வியாதின்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டாகளே. நீங்க நாற்காலியில போகக் கூச்சப்பட்டு ஓடியாந்தீகள்ல, அதுக்காகவே அவுக ஏறி ஒக்காந்துட்டாக."

"இல்லங்க, நெசமாவே அவுகளுக்குத்தான்."

"தெரியும், தெரியும். நீங்களும் அவுகள விட்டுக்குடுக்க மாட்டீக."

விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். வயிறு புரண்டது. தேவையில்லாத உடம்புக்குள் அந்த மாத்திரை போனால் குமட்டும் என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். விமானம் கிளம்பியதும் இரண்டு காகிதப் பை நிரம்ப வாந்தி எடுத்தேன். பரமசிவம் என் தலையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு முத்திருச்சா" என்று முதலாளியிடம் மெதுவாகக் கேட்டார். முதலாளிக்கு அதற்குள் மாத்திரை பிடித்துவிட்டது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, பிஸ்கட்டை இரண்டாக உடைத்து, ஒரு துணுக்குக்கூடச் சிந்தாமல் தின்றுகொண்டிருந்தார். அந்தக் கையைப் பார்த்துவிட்டு வியாதி அவருக்குத்தான் என்று எவன் நம்புவான்?

மகள் நம்பினார். சிங்கப்பூர் விமான நிலையத்தில் அப்பா நடந்துவருவதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கையைப் பிடித்தார், பெருவிரல் அவர் கைக்குள் உருண்டது. அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போயிற்று. மகன் அப்பாவிடம் பேசினார். இனிமேல் வீட்டில் இருங்கள், கடையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். முதலாளி நான்கு வருடம் பயந்தது இந்த வார்த்தைக்குத்தான். வந்தே விட்டது. அவர் அதிகம் பேசவில்லை.

"சிங்கப்பூரு வரைக்கும் வந்தவனுக்கு அல்லிநகரத்துக் கல்லா தூரமா? நேரத்துக்கு மாத்திரை போட்டா இந்தக் கை ஆடாது. ஆடும்போது நானே எந்திரிச்சு ஒனக்கு எடம் விடுறேன்."

இன்றைக்கும் அவர்தான் கல்லாவில் இருக்கிறார். மகன் செய்தது ஒன்றே ஒன்றுதான். சுழல்நாற்காலியை எடுத்துவிட்டு, கைப்பிடி உள்ள கனமான நாற்காலி ஒன்றைப் போட்டார். பிடித்து எழுந்துகொள்ள வசதி. ஸ்டாக் ரூமுக்குள் போய் விழுங்குவது நின்றுவிட்டது. பதினோரு மணிக்கு எல்லோர் முன்னாலும் மாத்திரை போடுகிறார். ஊர் திரும்பியதும் மதுரைக்குப் போய் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னோம். வைத்தியம் பார்த்த நேரத்தைவிட எங்களைத் திட்டிய நேரம் அதிகம். சீட்டு இப்போது தனுஷ்கோடி என்ற பேரில் வருகிறது. ஆறு வயதும் திரும்பி வந்துவிட்டது.

ஆகவே, மருந்தோடு பயணம் போகிறேன் என்று உங்கள் கவுண்டருக்கு யாராவது வந்தால் மறக்காமல் சொல்லுங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும். ஸ்ட்ரிப்பை வெட்டாமல் முழுதாகக் கொடுங்கள், மருந்தின் பெயர் அதிலேயே இருக்கும். போகிற நாட்டில் அந்த மருந்துக்குத் தடை உண்டா என்று முன்னாலேயே பார்க்கச் சொல்லுங்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லுங்கள். பை வேறு யார் மடிக்கும் போகக் கூடாது, சாப்பிடுகிறவர் மடியில்தான் இருக்க வேண்டும். சீட்டில் யார் பேர் என்று கேளுங்கள். நம் பக்கத்தில் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது, பங்காளிக்குத் தெரியக் கூடாது என்று அடுத்தவர் பேரில் மருந்து வாங்குகிறவர் முதலாளி ஒருவர் மட்டும் இல்லை. கத்தரிக்கோலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதை உங்கள் பையில் நீங்கள் தேடிக்கொள்ளுங்கள்.

சீட்டில் பேரை மாற்ற மருத்துவரால் முடிந்தது. ஊர் வாயில் மாற்ற அவரால் முடியவில்லை. பரமசிவம் சிங்கப்பூரிலிருந்தே வேலையை முடித்துவிட்டார். தன் மருந்துக்காரனின் வியாதியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட முதலாளி என்று கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பேச்சு. அவர் கல்லாவில் மாத்திரை போடுவதைப் பார்த்தால், சௌந்தரத்துக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சும்மா போடுகிறார் என்கிறார்களாம். முதலாளி மறுத்து மறுத்துச் சலித்துவிட்டார். மறுக்க மறுக்க அவர் மரியாதை கூடுகிறது.

போன வாரம் கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் போனேன். நின்றவர்கள் பத்தொன்பது பேர், அதில் என்னைவிட மூத்தவர்கள் மூவர். திராட்சைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என்னை உற்றுப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்காரரை முழங்கையால் இடித்தார்.

"எந்திரிங்க. தேனி மருந்துக்கடைக்காரக. கை நடுக்கம் உள்ளவக, நின்னுக்கிட்டு வாராக."

"எனக்கு ஒன்னுமில்லம்மா. நல்லா இருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தேன் சொல்லுவாக. ஒக்காருங்க."

வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள். உட்கார்ந்தேன். எழுந்து இடம் கொடுத்த மனிதருக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பது முறையாகப் படவில்லை. கையைக் கொஞ்சம் ஆட்டிக் காட்டினேன்.